மாடி வீடு, தினமும் ஒரு வாளி குப்பை: எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

புதுக்குடித்தனம் (அழகாபுரம்)

எல்லாருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்துல முதல் மாடி, வாடகை வீடு. நாங்க ரெண்டு பேர், மாமியார், ஒண்ணரை வயசுப் பையன். காலையில குப்பை வண்டி வர்றதுக்குள்ள வாளி வழிஞ்சிடுது. இவ்வளவு எங்கிருந்துதான் வருதுன்னு நேத்து வாளியைப் பழைய பேப்பர் மேல கவிழ்த்துப் பார்த்தேன். டீத்தூள், முருங்கைக்காய் சக்கை, கத்திரிக்காய் காம்பு, வாழைப்பழத் தோல். நடுநடுவுல பால் கவர், மாவு பாக்கெட் கவர், பூ வாங்கின கவர், தட்டுவடை செட் பார்சல் வந்த கவர், அதுக்குள்ள சட்னிக்குத் தனியா ஒரு கவர், ஷாம்பு சாஷே, பையனோட டயப்பர். எல்லாம் டீத்தண்ணியில ஊறிப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு.

குறைக்கணும்னு ஆசை இருக்கு. ஆனா வீட்டுக்காரர் மொட்டை மாடியில மண் கொட்ட விடமாட்டார், தளம் ஒழுகுமாம். கடைகடையா தேடி அலையறதுக்கு நேரமும் இல்லை. சேலத்துல யாராவது நிஜமாவே செஞ்சிட்டு இருக்கீங்களா? எதுல ஆரம்பிச்சீங்க?

---

வெண்டைச்செடி (அம்மாபேட்டை)

தங்கச்சி, பிளாஸ்டிக்கை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஈரத்தைப் பிரி.

நம்ம வீட்டுக் குப்பையில எடையில பாதிக்குக் குறையாம சமையல்கட்டுக் கழிவுதான். அதைத் தனியா எடுத்துட்டா மிச்சம் இருக்கறது நாறாது, ஒழுகாது, தினமும் வெளிய வைக்கணும்னு அவசரமும் இல்லை. நீ எழுதின லிஸ்ட்டையே பாரு. அந்தப் பால் கவர் காய்ஞ்சு கிடந்தா எடைக்குப் போடலாம். டீத்தூள்ல ஊறினதால அதுவும் குப்பைக் கிடங்குக்குப் போகுது.

மண்ணே இல்லாம உரம் பண்ணலாம். பெயின்ட் அடிக்கிறவங்ககிட்ட சொல்லி வச்சா 20 லிட்டர் காலி பக்கெட் கிடைக்கும், ரெண்டு வாங்கிக்க. நல்லாக் கழுவிட்டு, பக்கவாட்டிலயும் அடியிலயும் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போடு. அடியில தேங்காய் நார் ரெண்டு கைப்பிடி, அதுக்கு மேல காய்ஞ்ச சருகு. அன்னன்னைக்கு வர்ற காய்கறித் தோலை நறுக்கிப் போடு. தோல் ஒரு பங்குன்னா சருகு ரெண்டு பங்கு. இந்தக் கணக்கை மட்டும் விட்டுடாத. புளிச்ச மோர் ஒரு கரண்டி தண்ணியில கரைச்சுத் தெளிச்சா சீக்கிரம் பிடிச்சுக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குச்சியால அடிவரைக்கும் கிளறி விடணும். கீழ ஒரு பழைய தட்டு வச்சுட்டா பால்கனியே போதும், மொட்டை மாடிக்குப் போகவே வேண்டாம்.

கையில ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாரு. தண்ணி சொட்டக்கூடாது, உள்ளங்கையில ஈரம் ஒட்டணும். நாத்தம் வந்தா ஈரம் அதிகம், காத்து போகலைன்னு அர்த்தம். சருகை அள்ளிப் போட்டுக் கிளறு. போட்டது போட்டபடியே கிடந்தா ஈரம் பத்தலை. வெள்ளையா பூஞ்சை படர்ந்தா நல்லதுதான். கொழுத்த புழு வரும், அது ஒரு வகைக் கறுப்பு ஈயோட புழு, குப்பையை வேகமா தின்னு தீர்க்கும். செடிக்கும் நமக்கும் கெடுதல் இல்லை. மாமியார் பார்த்தா அலறுவாங்க, அதனால எப்பவும் மேல சருகு மூடியே இருக்கட்டும்.

மீன், கறி, எலும்பு, எண்ணெய் மிதக்கற குழம்பு இதெல்லாம் பக்கெட்டுக்குள்ள போகக்கூடாது. சாதம் கொஞ்சமா போடலாம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு. எலுமிச்சைத் தோலை மட்டும் குவிக்காத. மாம்பழ சீசன்ல தோல் போகும், கொட்டை போகாது, அது வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். ஒரு பக்கெட் நிரம்பினதும் மூடி வச்சுட்டு அடுத்ததுக்குப் போ. சுமார் ரெண்டு மாசத்துல முதல் பக்கெட் காப்பிப்பொடி நிறத்துல உதிரியா வந்துடும். மழை பெய்ஞ்ச மண் வாசனை வந்தா உரம் ஆயிடுச்சு.

---

பழைய இரும்பு (செவ்வாய்ப்பேட்டை)

எங்க கடைக்கு வர்றதை வச்சு சொல்றேனுங்க.

கவர்னா எல்லாம் ஒண்ணு இல்லைங்க. கையில பிடிச்சு இழுத்தா நீளுதா? பால் கவர் அந்த ஜாதி. அலசி, கொடியில கிளிப் போட்டுக் காய வச்சு, கட்டா கட்டிக் கொண்டாங்க, எடுத்துக்கறோம். மொறமொறன்னு சத்தம் வந்து இழுத்ததும் கிழியுதா? அது வேற ஜாதி, ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. தண்ணி, கூல்டிரிங்க் வர்ற பெட் பாட்டிலை நசுக்கி, மூடியைக் கழட்டித் தனியா போடுங்க.

சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு சாஷே இதையெல்லாம் கசக்கிப் பாருங்க. கையை எடுத்ததும் திரும்ப விரிஞ்சுக்கும். உள்ள வெள்ளியா மின்னும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்கா ஒட்டினது, பிரிச்செடுத்துக் கட்டுப்படியாகாது. எங்க லைன்ல அதை யாரும் தொடமாட்டாங்க. பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளையில எரிக்கத்தான் அனுப்புவாங்க. அதனால சாஷேவை விட்டுட்டு பெரிய பாட்டிலா வாங்கினா அந்த பாட்டிலாவது எங்ககிட்ட வரும்.

இன்னொண்ணுங்க. பால் கவர் முனையை வெட்டும்போது அந்தச் சின்ன முக்கோணத்தைத் தனியா வெட்டி எறிஞ்சிடாதீங்க. பாதி வெட்டி ஒட்டிகிட்டே இருக்கற மாதிரி விடுங்க. நகத்தளவு துண்டை யாரும் பொறுக்க முடியாது, நேரா சாக்கடைக்குத்தான் போகும். ஊர்ல ஒரு நாளைக்கு எத்தனை முக்கோணம்னு யோசிச்சுப் பாருங்க.

---

நேர்ப்பேச்சு (ஐந்து ரோடு)

நல்லா இருக்கு. ஆனா ஒரு கேள்வி. அந்த சாஷேவை நானா கண்டுபிடிச்சேன்? விக்கிறவன் லட்சக்கணக்கில அச்சடிச்சு பெட்டிக்கடை பெட்டிக்கடையா தொங்க விடுவான், நாம பால் கவர் முக்கோணத்தைக் காப்பாத்தணும். தினக்கூலிக்குப் போறவங்க முன்னூறு ரூபாய் கொடுத்து ஷாம்பு பாட்டிலா வாங்குவாங்க? பிரிச்சுக் கொடுத்தாலும் கடைசியில எல்லாம் ஒரே மலையிலதான் சேரப்போகுதுன்னு சொல்ற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் (அஸ்தம்பட்டி)

நேர்ப்பேச்சு தம்பிக்கு. உற்பத்தியாளருக்குப் பொறுப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் உறைக்கு ஈடாகத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அதற்கு விரிவான நெறிமுறைகளும் வந்தன. கேட்க வேண்டியவர்களைக் கேட்போம். அதுவரை வாளியைக் கலந்தே வைப்போம் என்பது வாதமாகாது.

"ஒரே மலை" என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். எருமாபாளையத்தில் பல ஆண்டுகள் கொட்டிக் குவித்தது இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். பிறகு குப்பை செட்டிச்சாவடிக்குப் போனது. மலை உருவாவதே ஈரக் குப்பையும் உலர் குப்பையும் சேர்ந்து போவதால்தான். காற்றுப் புகாத குவியலுக்குள் காய்கறி அழுகினால் மீத்தேன் வாயு வரும், கறுப்பு நீர் கசிந்து நிலத்தடிக்கு இறங்கும். உங்கள் வீட்டுக் காய்கறித் தோல் பக்கெட்டோடு நின்றுவிட்டால், வண்டி எப்படிப் போனாலும் அந்தப் பங்கு மலைக்குப் போவதில்லை. இதற்கு யாருடைய ஒத்துழைப்பும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் கைப்பை எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனாக இருந்தாலும் தடைதான். நாடு முழுவதற்குமான விதியில்தான் 120 மைக்ரானுக்கும் மெல்லிய பைக்கு மட்டும் தடை என்ற கணக்கு வருகிறது. ஜவுளிக்கடைகளில் சில சமயம் கொடுக்கும், துணி போலவே தோன்றும் பையும் அந்தப் பட்டியலில் உண்டு. அது நெய்த துணி அன்று, பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊடு பாவு தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் தெரியும். துவைக்கத் துவைக்க நைந்துவிடும். தறி ஓடும் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு பார்வையில் பிடிபடும்.

காகிதக் கோப்பை நல்லது என்ற நம்பிக்கையும் வேண்டாம். உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் தேநீர் ஒழுகாமல் நிற்கிறது. 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்குவதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் தரும் கடையாகப் பார்த்து நிற்பது எளிது. சேலத்தில் அப்படிப்பட்ட கடைக்குப் பஞ்சமில்லை.

---

செட்டுக்கடை

தட்டுவடை செட் பத்திப் பேச்சு வந்ததால நானும் ஒரு வார்த்தை. சாயங்காலம் தள்ளுவண்டி போடறவன்.

வண்டிகிட்ட நின்னு சாப்பிடறவங்களுக்குச் சின்னத் தட்டுல வச்சுத் தர்றோம், கழுவிக்கறோம், பிரச்சினை இல்லை. பார்சல்தான் தலைவலி. தட்டுவடை, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் இதையெல்லாம் பேப்பர்ல மடிச்சுத் தரலாம். சட்னியை எதுல தர்றது? வாழை இலையில கட்டினா வீடு போறதுக்குள்ள பையெல்லாம் பச்சையா ஆயிடுது, மறுநாள் வந்து என்னைத் திட்டறாங்க. மந்தாரை இலை கிடைக்கறதே கம்மி. மூடி போட்ட டப்பாவில கொடுத்தா ஒரு செட் விலையில கணிசமான பங்கு டப்பாவுக்கே போயிடும்.

டப்பா கொண்டு வர்றவங்களுக்கு ஒரு வடை சேர்த்துத் தர்றேன்னு சொல்லிப் பார்த்தேன். பக்கத்துத் தெருக்காரங்க கொண்டு வர்றாங்க. வேலை முடிஞ்சு பைக்ல போறவங்க எங்க கொண்டு வருவாங்க? அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியலை. பைக் டிக்கியில ஒரு சின்ன டப்பா கிடந்தா போதும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

---

வெண்டைச்செடி (அம்மாபேட்டை)

செட்டுக்கடை அண்ணா, இரும்பாலை இருக்கற ஊர்ல உக்காந்துகிட்டு எவர்சில்வர் டப்பாவுக்கு நாம பஞ்சப்பாட்டு பாடலாமா? எல்லா வீட்டுப் பரண்லயும் சீர் வந்த தூக்கு நாலு தூங்குது.

தங்கச்சி, உன் லிஸ்ட்ல மாவு பாக்கெட் இருந்துச்சே. மாவு அரைச்சு விக்கற கடைக்குத் தூக்கைக் கொண்டு போனா லிட்டர் கணக்குல ஊத்தித் தருவாங்க, பாக்கெட்டை விட விலையும் கொஞ்சம் கம்மி. பூவுக்கு வ.உ.சி. மார்க்கெட் பக்கம் போனா இலையில கட்டித் தரச் சொல்லு. கேட்டா தர்றாங்க, கேக்கலைன்னா கவர்தான். செக்குல எண்ணெய்க்கும் கேனைக் கொண்டு போகலாம். உழவர் சந்தைக்கு ஒரே பெரிய பையைத் தூக்கிட்டுப் போனா தக்காளி மேல பூசணி உக்காந்துடும். பழைய வேட்டியைக் கிழிச்சு, வாய் சுருக்கற மாதிரி சின்னச் சின்னப் பையா நாலஞ்சு தைச்சு உள்ள போட்டுக்க. கீரைக்கு ஒண்ணு ஈரமா, பச்சை மிளகாய்க்கு ஒண்ணு. எடை போடறவரே தக்காளியைத் தராசுல இருந்து நேரா அதுக்குள்ள சாய்ச்சுடுவார்.

---

காப்பித்தோட்டம் (நாகலூர், ஏற்காடு)

கீழ இருக்கறவங்க பேசறதைப் படிச்சுகிட்டே வந்தேன். மேல நடக்கறதையும் கொஞ்சம் கேளுங்க.

அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கறாங்க, குரங்குக்கு சிப்ஸ் போடறாங்க. அது பாக்கெட்டைப் பிடுங்கிகிட்டு மரத்து மேல போய், பிரிச்சுத் தின்னுட்டு உறையைப் பள்ளத்துல விட்டுடுது. அங்க இறங்கி எடுக்க ஆளால ஆகாது. மழை வந்தா ஓடையில அடிச்சுகிட்டுக் கீழதான் வரும், உங்க ஊருக்குத்தான். காட்டெருமை உப்பு ருசிக்காக உறையோட சேர்த்து மென்னுடுது. கோடை விழா சமயத்துல வந்து பாருங்க, ஏரியைச் சுத்தி தண்ணி பாட்டில் எப்படிக் கிடக்குன்னு.

எங்க வீட்டுல தங்க வர்றவங்களுக்கு ஒரே ஒரு விதி வச்சிருக்கோம். கீழ இருந்து கொண்டு வந்த உறையைக் கீழயே கொண்டு போகணும். கிளம்பும்போது பழைய அரிசிப் பை ஒண்ணு கையில கொடுத்துடுவோம். சில பேர் முகம் சுளிக்கறாங்க, பரவாயில்லை. சமையல்கட்டுக் கழிவு எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. காப்பிப் பழத்தை உரிச்ச தோலோட சேர்த்துக் குழியில போட்டா அடுத்த வருஷம் மிளகுக்கொடிக்கு உரம். உள்ளடங்கின ஊர்கள்லதான் வம்பு. வண்டி வராத இடத்துல பிளாஸ்டிக்கை அடுப்புல போட்டுடறாங்க. வேற என்ன பண்ணுவாங்க சொல்லுங்க?

---

ஓய்வுபெற்ற வாத்தியார் (அஸ்தம்பட்டி)

அடுப்பில் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா. பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் கலந்திருந்தால் அந்தப் புகையில் டையாக்சின் என்ற நச்சு வரும். சமைப்பவர் முகத்தில்தான் அது அடிக்கும். ஒரு சாக்கில் காய வைத்துச் சேர்த்தால் மாதக் கணக்கில் கெடாது. ஊருக்கு நாலு வீட்டுச் சாக்கைச் சேர்த்து, சந்தைக்கு இறங்கும் வண்டியில் போட்டு அனுப்பலாம். கீழேயும் காலையில் சருகோடு கவரையும் கூட்டி வைத்துக் கொளுத்துகிறார்கள், அதற்கும் இதே பதில்தான்.

---

நேர்ப்பேச்சு (ஐந்து ரோடு)

சரி, வாத்தியாரே, ஒத்துக்கறேன். பக்கெட் வரைக்கும் ஒத்துக்கறேன். சாஷே விஷயத்துல என் கட்சி மாறலை.

இன்னொரு சந்தேகம். மரவள்ளி மாவுல செஞ்ச மக்கும் பைன்னு விக்கறாங்களே. நம்ம ஊர்ல கிழங்குக்கும் ஜவ்வரிசிக்கும் குறைச்சல் இல்லை. அதையே எல்லாக் கடையிலயும் கொடுத்துட்டா முடிஞ்சுதே?

---

பழைய இரும்பு (செவ்வாய்ப்பேட்டை)

எங்களுக்கு அது பெரிய இம்சைங்க. பார்க்க பிளாஸ்டிக் மாதிரியே இருக்கு. தெரியாம பால் கவர் மூட்டையில கலந்துட்டா மொத்த மூட்டையும் தரம் கெட்டுடும். அதுல போலியும் ஓடுது. நிஜமான பைன்னா மக்கக்கூடியதுன்னு அச்சிட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சான்று எண் இருக்கணும். அந்த நிஜமான பையும் பெரிய உரக்கூடத்துச் சூட்டுலதான் ஒழுங்கா மக்கும், அக்கா சொன்ன பக்கெட்ல போட்டா அப்படியே கிடக்கும். துணிப்பையே தேவலைங்க.

---

புதுக்குடித்தனம் (அழகாபுரம்)

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கலை, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு பக்கெட் வாங்கியாச்சு. மாமியாரே கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டுக் கொடுத்தாங்க. எங்க ஊர்ல எருக்குழி இல்லாத வீடா, இதுக்கு என்ன இத்தனை பேச்சுன்னு கேக்கறாங்க. மாவுக்குத் தூக்கு போகுது.

ஆனா டயப்பர் பத்தி யாருமே எழுதலை. நாப்கினும் அப்படித்தான். அதை எந்த வாளியில போடறது?

---

ரெண்டு பிள்ளைக்காரி (கொண்டலாம்பட்டி)

ஆம்பளைங்க நிறைய இருக்காங்கன்னு யாரும் எழுதலை போல. நான் எழுதறேன்.

இது ரெண்டும் மக்காது, மறுசுழற்சியும் ஆகாது. எதோடயும் கலக்காம பேப்பர்ல நல்லா சுத்தி, மேல சிவப்பு மையில ஒரு அடையாளம் போட்டுத் தனியா கொடுக்கணும். பிரிக்கறவங்க வெறுங்கையால தொட நேரும், அவங்களுக்குத் தெரியணும் இல்லையா. உபயோகிச்ச ஊசி, பிளேடு, காலாவதி மருந்து இதையும் தனியாத்தான் கொடுக்கணும்.

குறைக்கணும்னா, பகல்ல பையனுக்குப் பழைய வேட்டித் துணியை முக்கோணமா மடிச்சுக் கட்டுங்க, ராத்திரிக்கும் வெளியூருக்கும் மட்டும் டயப்பர். ஒண்ணரை வயசு ஆச்சுன்னா மணிக்கொருதரம் உக்கார வச்சுப் பழக்க ஆரம்பிக்கலாம், சீக்கிரமே தேவைப்படாமப் போயிடும். நமக்கு, துணி நாப்கின் வெயில்ல நல்லாக் காயணும், அதை மறைவா ஈரத்துல காயப்போட்டா தொற்று வரும். சிலிகான் கப் பழகிட்டா 5 வருஷத்துக்கு மேலயே வரும், ஒவ்வொரு மாசமும் வெந்நீர்ல கொதிக்க வச்சா போதும். முதல்ல கொஞ்சம் சிரமமா இருக்கும். எல்லாருக்கும் ஒத்துக்கும்னு சொல்லமாட்டேன், சந்தேகம் இருந்தா டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கங்க.

---

புதுக்குடித்தனம் (அழகாபுரம்)

நன்றி அக்கா, இதைத்தான் கேக்கத் தயங்கிட்டு இருந்தேன்.

வெண்டைச்செடி அக்கா, இப்ப எனக்கு ஒரே பிரச்சினை சருகு. எங்க தெருவுல ஒரு வேப்பமரம், அதோட இலையைக் காலையிலேயே கூட்டிக் கொளுத்திடறாங்க. மரப்பட்டறையில தூள் சும்மாத் தர்றாங்களாம், அது ஆகுமா?

---

வெண்டைச்செடி (அம்மாபேட்டை)

மரத்தூள் ஆகும், பிளைவுட் தூள் வேண்டாம். அதுல பசை இருக்கும். பட்டறையில ரெண்டும் ஒண்ணாத்தான் விழும், கேட்டு வாங்கு. தென்னை நார்க்கழிவுக் கட்டி நர்சரியில கிடைக்கும், அதை உதிர்த்துக் காய வச்சும் போடலாம். கூட்டறவங்ககிட்ட முன்னாடியே ஒரு சாக்கைக் கொடுத்துச் சொல்லி வை, கொளுத்தறதுக்குப் பதிலா உனக்கு அள்ளி வச்சுடுவாங்க. அவங்களுக்கும் புகை மிச்சம்.

அதுவரைக்கும் என்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு வர்றேன், கீரைக்காரங்க வரிசைகிட்ட நில்லு. ஒரு மூட்டை கொண்டு வரேன். சாக்கு மட்டும் திரும்ப வேணும்.

---

நேர்ப்பேச்சு (ஐந்து ரோடு)

அக்கா, ரெண்டு மூட்டையா கொண்டு வாங்க. நானும் வர்றேன்.